அவண் இல்லாமல் மாட்டிறைச்சி பொட் றோஸ்ட் செய்வது எப்படி?

உப்புவெளி வாசகி:
அஸ்ஸலாமு அலைக்கும். குர்பான் பங்காகக் கிடைத்த மாட்டிறைச்சியில் முன்னந்தோள் பக்கத்துத் துண்டொன்றை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும், வெட்டாமல் முழுதாகவே உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். மெல்பேர்னில் இருந்து வரவிருக்கும் தங்கையின் பிள்ளைகள், கறியாக வேண்டாம், அங்கே செய்வது போல முழுத் துண்டாக மெதுவாக வேகவைத்த பொட் றோஸ்ட்தான் வேண்டும் என்கிறார்கள். என்னிடம் அவண் இல்லை. காஸ் அடுப்பும் இறுக்கமான மூடியுள்ள கனத்த சட்டியும் உள்ளன. சமையற்குறிப்புகளில் பெரும்பாலும் சிவப்பு வைனும் வூஸ்டர் சோஸும் கேட்கிறார்கள். வைன் எங்கள் வீட்டில் ஆகாது. அவற்றுக்குப் பதில் எதைச் சேர்க்கலாம், பிரஷர் குக்கரில் வைத்தால் போதாதா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிண்ணியா சமையற்காரர்:
வஅலைக்கும் ஸலாம், சகோதரி. தோள் பகுதி கிடைத்தது நல்லதாயிற்று. அதிகம் வேலை செய்த தசை என்பதால் அங்கே கொலாஜன், அதாவது தசையைப் பிணைத்து வைக்கும் கடினமான புரதம், மிகுதி. அது 70 பாகை செல்சியசுக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால்தான் கரைந்து ஜெலற்றினாக மாறி இறைச்சியைப் பஞ்சாக்கும். நம் ஊர் மாடுகள் மேய்ந்து திரிபவை, கொழுப்புக் குறைந்தவை; ஆகவே வெளிநாட்டுக் குறிப்பில் மூன்று மணி நேரம் என்றிருந்தால் நாலு மணி நேரத்துக்குத் தயாராக இருங்கள்.

முதல் நாளே துண்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விடுங்கள்; நம் வெக்கையில் வெளியே வைப்பது சரியல்ல. பின்னர் ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி, சூடான எண்ணெயில் எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க விடுங்கள். ஈரம் இருந்தால் இறைச்சி அவியுமே தவிரச் சிவக்காது. சுவையில் பாதி இந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, கறுவா, இரண்டு தக்காளி வதக்கி, இறைச்சியின் பாதி உயரத்துக்கு மட்டும் வெந்நீரோ எலும்புச் சாறோ ஊற்றி மூடுங்கள். அடுப்பின் மேல் பழைய தோசைக்கல்லை வைத்து அதன் மேல் சட்டியை ஏற்றினால் அடி பிடிக்காது. மூடியைத் திறந்து பார்க்கும்போது ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் எழ வேண்டும்; தளதளவென்று கொதித்தால் தசைநார் சுருங்கிச் சாறு முழுவதும் வெளியேறி, எவ்வளவு குழம்பில் கிடந்தாலும் வாயில் வறட்சியாகவே இருக்கும்.

உவர்மலை வாசகர்:
காஸ் விற்கிற விலையில் நாலு மணி நேரமா? பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வைத்தால் வெந்துவிடும். ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதிருந்தால் போதும்.

பாலையூற்று வாசகி:
வெந்துவிடும் என்பது உண்மைதான், அண்ணா. ஆனால் அந்த 120 பாகைச் சூட்டில் பதத்துக்கும் குழைவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. இடையில் முள்ளால் குத்திப் பார்க்கவும் வழியில்லை. விருந்துக்கு என்றால் நான் சட்டியையே நம்புவேன்.

வைனைப் பற்றிக் கவலை வேண்டாம், அக்கா. அது தருவது புளிப்பும் சிறிது இனிப்பும்தான். தக்காளியோடு ஒரு மேசைக்கரண்டி தென்னை வினாகிரியும் சிட்டிகை சீனியும் அந்த இடத்தை நிரப்பும். வூஸ்டர் சோஸில் இருப்பவையும் நமக்குப் புதியவை அல்ல: வினாகிரி, புளி, நெத்தலி போன்ற ஊறவைத்த சிறுமீன். கரைத்த புளியில் இடித்த மாசித்தூள் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் போதும். பறங்கியர் வீடுகளில் செய்யும் ஸ்மோரும் முழுத் துண்டை வினாகிரியும் தேங்காய்ப்பாலும் விட்டு மெதுவாக வேகவைப்பதுதான். பிள்ளைகள் விரும்பினால் மறுமுறை அதையும் செய்து பாருங்கள்.

கரட்டும் உருளைக்கிழங்கும் கடைசி முக்கால் மணி நேரத்தில் போடுங்கள், இல்லையேல் கரைந்துவிடும். முள் தடையின்றி இறங்கியதும் அடுப்பை அணைத்து, இருபது நிமிடம் மூடியபடியே விட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக வெட்டுங்கள். மிஞ்சிய குழம்பைத் திறந்த சட்டியில் வற்ற விட்டு மேலே ஊற்றலாம். பாணுக்கு அதுவே போதும்.