இங்கினியாகல போட் சஃபாரி, ஆரிட்ட புக் பண்றது?

வாற சனிக்கிழமை இங்கினியாகல சேனநாயக்க சமுத்திரத்துல, அதான் கல்லோயா குளத்துல, போட்ல போகணும், மூணு கிழமையா சரிவருதில்ல. சம்மாந்துறையில இருந்து ஆறு பேர், ரெண்டு சின்னப்பிள்ளைகள், வாப்பாக்கு முழங்கால் ஏலாது. தீவுக்குத் தீவு ஆனை நீந்துறத ஒருக்கா பாக்கணும் எண்டு அவருக்கு ஆசை, கல்லோயா குளம் கட்டினது, 1954ல சுத்தியுள்ள காட்ட தேசியப் பூங்காவாக்கினது எண்டு அந்தக் கதைய சொல்லிச் சொல்லியே எங்கள வளத்த மனுசன். கிடைச்ச மூணு நம்பருக்கும் எடுத்தன், ஒண்டு வேலை செய்யல்ல, ஒண்டுல சிங்களத்துல என்னமோ சொல்லிட்டு வெச்சிட்டாங்க, மத்தது அடிச்சிட்டே கிடக்கு. போன ஞாயிறு பைக்ல நேரவே போனன், பத்து மணியாப் போச்சு, வெள்ளனக்கு வரணும் எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. பிள்ளைகளுக்கு ஏத்த லைஃப் ஜாக்கெட் இருக்கா எண்டு கேக்கவும் மறந்துட்டன், என்ட புத்தி அப்படி.

காலைல ஆறு மணிக்கு ஆறு பேருக்கு போட் முன்கூட்டியே புக் பண்ண ஆரிட்ட கதைக்கணும்?