மேல்தாடையை விரிக்கக் கழற்றி மாட்டும் பிளேட்டா, ஒட்டி வைக்கும் ஹைராக்ஸா?

கேள்வி: அம்பாசமுத்திரத்து அம்மா

வணக்கம். என் மகளுக்கு 9 வயது. வாயை மூடும்போது வலப்பக்க மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்காருகின்றன. மோவாயும் சற்று வலப்பக்கம் ஒதுங்குகிறது. பாளையங்கோட்டையில் பார்த்த ஒரு மருத்துவர் கழற்றி மாட்டும் பிளேட் போதும் என்றார். இன்னொருவர் ஹைராக்ஸ் என்ற கருவியைப் பல்லோடு சிமென்ட் வைத்து ஒட்டிவிட வேண்டும் என்கிறார். இரண்டிலும் நடுவில் திருகு இருக்கிறது, இரண்டையும் சாவி போட்டுத் திருக வேண்டும் என்றால் வேறுபாடுதான் என்ன? கோளாறு ஒரு பக்கம்தானே, இரு பக்கமும் ஏன் விரிக்க வேண்டும்?

பதில்: பல் சீரமைப்பு மருத்துவர், திருநெல்வேலி

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். குழந்தைகளிடம் ஒரு பக்கக் கோளாறாகத் தெரிவது பெரும்பாலும் இரு பக்கமும் மேல்தாடை குறுகியிருப்பதுதான். பற்கள் முனையோடு முனை இடிப்பதால், வசதியாகக் கடிப்பதற்குக் கீழ்த்தாடையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொள்கிறார்கள். மோவாய் ஒதுங்குவதாக நீங்கள் எழுதியிருப்பது அதையே காட்டுகிறது என்றாலும், நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மேலண்ணத்தின் நடுவே இரண்டு எலும்புகள் சேரும் கோடு சிறு வயதில் இன்னும் இறுகியிருக்காது. 1860-லேயே எமர்சன் ஏஞ்சல் என்ற அமெரிக்க மருத்துவர் திருகு வைத்து அதை விலக்கிக் காட்டினார். ஆனால் 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் எழுதிய பிறகே அம்முறை பரவியது. ஹைராக்ஸ் அந்தக் கோட்டையே திறக்கிறது: ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர், வழக்கமாக நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு திருப்பு. பிளேட்டை வாரத்துக்கு ஓரிரு முறைதான் திருகுவோம். அது பெரும்பாலும் பற்களை வெளிப்புறம் சாய்த்தே இடம் உண்டாக்குகிறது. பற்கள் மட்டும் உட்சாய்ந்திருந்தால் பிளேட் போதும், ஆனால் ஏறக்குறைய நாள் முழுவதும் வாயில் இருக்க வேண்டும். எலும்பே குறுகலாக இருந்தால் நான் ஒட்டி வைப்பதையே விரும்புவேன். ஒட்டி வைப்பதிலேயே ஹாஸ் பெயரால் வழங்கும் வடிவத்தில் அண்ணத்தின்மேல் அக்ரிலிக் படிந்திருப்பதால் அடியில் உணவு தேங்கிச் சதை புண்ணாவதுண்டு; ஹைராக்ஸ் முழுக்க உலோகம், கழுவுவது எளிது. விரல் சூப்பும் பழக்கம் இருந்தால் குவாட் ஹெலிக்ஸ் என்ற வில்கம்பி நல்லது. அதற்கு வீட்டில் திருகும் வேலையே இல்லை.

பதில்: கல்லிடைக்குறிச்சித் தகப்பன்

என் மகனுக்கு ஹைராக்ஸ் போட்டோம். அவனைக் கட்டிலில் படுக்கவைத்து, என் மனைவி செல்போன் வெளிச்சம் காட்ட, சாவியைத் துளையில் செருகித் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை முழுதாகக் கண்ணில் படும்வரை தள்ளாமல் சாவியை உருவினால் மறுநாள் செருக இடமிருக்காது. சாவியில் நூல் கட்டி அதை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், தவறினால் தொண்டைக்குள் போய்விடும். பத்து நாளுக்குள் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது கண்டு என் தாயார் பதறிவிட்டார். எலும்பு திறந்ததற்கு அதுவே அடையாளம் என்று மருத்துவர் சொன்னார். பிறகு அது தானாகவே மூடிக்கொண்டது. முதல் வாரம் எச்சில் வடிந்தது, பேச்சும் குழறியது. அல்வா கொடுத்தால் திருகுக்கும் அண்ணத்துக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயோ ஒட்டியதையே பெயர்த்துவிடும். திருகி முடித்த பிறகும் கருவியை 6 மாதம் அப்படியே விட்டுவைத்தார்கள்.

பதில்: கல்லூரி மாணவன், தென்காசி

தள்ளிப் போடாதீர்கள், அக்கா. சிறுவயதில் கவனிக்காமல் 21 வயதில் போனதால், அண்ணத்து எலும்பில் நான்கு சிறு திருகாணிகளைப் பதித்து விரிக்கும் மார்ப்பி என்ற முறைதான் எனக்குப் பொருந்தியது. அதிலும் எலும்பு திறக்காவிட்டால் அறுவைச் சிகிச்சைதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. இந்த ஓராண்டில் மட்டும் என் மகள் இரண்டு கண்ணாடிகளைப் பள்ளியில் தொலைத்திருக்கிறாள். கழற்றி மாட்டும் பிளேட் எத்தனை நாள் தங்கும் என்பது எனக்கே தெரிகிறது. குறுகியிருப்பது எலும்பா, சாய்ந்திருப்பது பல்லா என்று இரு மருத்துவர்களிடமும் இந்த வாரம் கேட்டுவிடுகிறேன்.