மறுமொழி: ‘எரிபொருள் பட்டினி’ வேண்டாம், ‘ஏறாமை’ போதுமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய கார்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழாக்கும் நண்பர், டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் பெட்ரோல் வந்து சேராத கோளாறுக்கு ‘எரிபொருள் பட்டினி’ என்று போட்டிருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை. பட்டினி என்றால் வீட்டில் அரிசி இல்லை. இங்கே குதிர் நிறைய நெல் இருக்கிறது, உலைக்குத்தான் வரவில்லை. விமானத்துறையில்கூட டேங்க் காலியாவதற்கு ஒரு பெயர், இருந்தும் வராததற்கு வேறு பெயர் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். தமிழில் பட்டினி என்ற சொல் முதல் வகைக்குத்தான் பொருந்தும்.

என் பரிந்துரை ‘ஏறாமை’. இது நான் யோசித்துக் கண்டதல்ல. ஐந்து வருடம் கொட்டகையில் கிடந்த மாமாவின் காரை எழுப்பப் போனபோது காதில் விழுந்தது. மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்ரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வாயில் ஒரு சின்ன மூடி பெட்ரோல் ஊற்றி, ஃபில்டரைத் திரும்ப வைத்து ஸ்டார்ட் செய்தார். வண்டி மூன்று நொடி உறுமிவிட்டு நின்றது. “கரண்ட் இருக்கு சார், பெட்ரோல்தான் ஏறல” என்றார். பாதி நோய் அப்போதே பிடிபட்டுவிட்டது.

ஏன் ‘ஏறல’? பழைய பிரீமியர் பத்மினி காரோ கார்ப்ரேட்டர் வைத்த மாருதி 800-ஓ, டேங்க் பின்னால், தாழ்வாக இருக்கிறது. கார்ப்ரேட்டர் முன்னால், இஞ்சினுக்கு மேலே. நடுவில், இஞ்சினோடு சுழலும் கேம் ஷாஃப்ட் தள்ளும் ஒரு டயாபிரம் (சவ்வு) பம்ப், பெட்ரோலை உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும். அது நடக்கவில்லை என்பதைத்தான் அந்த ஒரு சொல் சொல்கிறது. செரியாமை என்று வயிற்றுக் கோளாறுக்குப் பெயர் வைத்த மொழிக்கு ஏறாமை ஒன்றும் புதிய வார்ப்பு இல்லை. (‘பெட்ரோல் ஏறாமை’ என்று நான் தட்டச்சு செய்வதைப் பார்த்து, விலையையா சொல்கிறீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். அந்த ஆபத்து இருக்கிறது.)

எங்கே ஏறவில்லை என்று அவர் தேடிய விதமும் கையேட்டில் வரவேண்டியதுதான். தீப்பொறி வராமலிருக்க இக்னிஷன் காயிலின் வயரைப் பிடுங்கிவிட்டு, கார்ப்ரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடித்தார். பம்ப் நன்றாக இருந்தால் விட்டுவிட்டுப் பீய்ச்சும். ஒன்றும் வரவில்லை. டேங்க் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி அடித்தார். அப்போது வந்திருந்தால் டேங்கின் காற்றுத்துளை அடைப்பு என்று அர்த்தம். அதுவும் இல்லை. ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். டயாபிரம் கிழிந்திருந்தால் இஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்குமாம். அப்புறம் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் புது ட்யூப் ஒன்றை மாட்டி, நல்ல பெட்ரோல் உள்ள கேனில் விட்டு அடித்தார். சுர், சுர் என்று பாட்டிலுக்குள் பீய்ச்சியது. ஆக, கோளாறு பம்பில் இல்லை, அதற்கு முந்தி, டேங்க் பக்கம். டேங்க் அருகே ரப்பர் ட்யூப் விரிசல் விட்டிருந்தது. ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது மாதிரி பம்ப் வெறும் காற்றை இழுத்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, அதனால்தான் எங்கள் கண்ணில் படவில்லை.

புல்லட்டில் டேங்க் மேலே இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். அங்கே ‘இறங்காமை’. பொதுத்தலைப்பு வேண்டுமென்றால் ‘எரிபொருள் சேராமை’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கையேடு கார்ப்ரேட்டர் கார்களுக்கு மட்டும் என்பதால் ஏறாமையே போதும்.

இன்னொன்று. நாட்பட்ட பெட்ரோல் ஜெட்டில் (கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளை) விட்டுப்போகும் மஞ்சள் படிவுக்கு நண்பர் ‘பசை’ என்று எழுதியிருக்கிறார். சமையலறையில் இதற்குச் சொல் இருக்கிறது: காறல். பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போகிறது. மிச்சம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசுபிசுத்து இறுகுகிறது. பழைய எண்ணெய் பாட்டிலின் வாயில் ஒட்டும் வளையமும் ஏறக்குறைய இப்படி உண்டாவதுதான். எனவே ‘காறல் படிவு’. துரு, தண்ணீர், தூசி ஆகியவற்றைத் தனியாகக் ‘கசடு’ என்போம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால், இப்போது அடியில் தங்கும் தண்ணீரும் அதிகம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் ஏமாந்துபோவார். கசடு காற்றடித்தால் போய்விடும். காறல் போகாது, கிளீனரில் ஊறப்போட வேண்டும். கம்பியால் குத்தினால் பித்தளை ஜெட்டின் துளை பெரிதாகி, வண்டி அப்புறம் பெட்ரோல் குடிக்க ஆரம்பிக்கும்.

கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் நீடில் வால்வுக்கு ‘ஊசித்தடுக்கு’ என்று ஒரு சொல் வைத்திருந்தேன். அதே மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். “நீடில்னே எழுதுங்க சார், கடைல கேட்டா கொடுக்கணும்ல” என்றார். அதை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.