போக்கரில் செட் விழுந்தால் எதிராளியிடம் அதிகம் வாங்குவது எப்படி?

கேள்வி: ஈ_சிட்டி_செந்தில்

2025 ஆகஸ்டில் மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம் வந்து பணம் கட்டி ஆடும் டேபிள்கள் மூடியபின், பெங்களூரில் எங்கள் ஆபீஸ் கூட்டம் வெறும் சிப்ஸ் வைத்து ஒரு ஆப்பில் தனி டேபிள் போட்டு போக்கர் ஆடுகிறது. சனிக்கிழமை இரவு, ஆளுக்கு 10,000 சிப்ஸ், பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைப்பது) 50/100. பைசா கிடையாது. ஆனாலும் திங்கட்கிழமை கேன்டீனில் அதைப் பற்றித்தான் பேச்சு, அதனால் எல்லோரும் மனசு வைத்து ஆடுகிறோம்.

போன வாரம் வந்த கை: என்னிடம் ஸ்பேட் 8, டைமண்ட் 8. நான் 300-க்கு ரெய்ஸ் (ஏற்றி வைத்தேன்), பிக் பிளைண்டில் (100 வைத்த இடத்தில்) இருந்தவர் மட்டும் கால் (அதே அளவு போட்டுத் தொடர்ந்தார்). பாட் (நடுவில் சேர்ந்த சிப்ஸ், ஸ்மால் பிளைண்டின் 50-உம் சேர்த்து) 650. பிளாப்பில் (தரையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) ஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் 8, ஆர்ட்டின் 3; என் ஜோடியோடு சேர்ந்து மூன்று 8, அதாவது செட். அவர் செக் (எதுவும் வைக்காமல் விடுவது), நானும் செக். டர்ன் (நான்காம் சீட்டு) கிளாவர் ராணி, மறுபடி இருவரும் செக். ரிவர் (கடைசிச் சீட்டு) டைமண்ட் 2. அவர் செக், நான் 300 வைத்தேன். உடனே கால் செய்து ராஜா–ஜாக்கி காட்டினார். ஜெயித்தது நான்தான், ஆனால் பிளாப்புக்குப் பிறகு அவரிடமிருந்து வந்தது 300 மட்டும். அவரை ஓட விடாமல் இதைவிட அதிகம் வாங்க வழி இருந்ததா?

பதில்: அல்சூர்_சீட்டுக்காரர்

இருந்தது தம்பி, பிளாப்பிலேயே இருந்தது.

ரம்மி ஆடி வளர்ந்த நமக்கு நல்ல கையை மறைத்து வைப்பது பழக்கம். போக்கரில் மறைப்பதைவிட பாட்டை வளர்ப்பதுதான் முக்கியம், ஏனென்றால் பாட் ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கலில் வளரும். கணக்குப் பாருங்கள். பிளாப்பில் 650-க்கு 450 வைத்து அவர் கால் செய்தால் பாட் 1,550. டர்னில் 1,000 வைத்தால் 3,550. ரிவரில் 2,400. மூன்றுக்கும் கால் வந்தால் உங்கள் கைக்கு 3,850. முதல் சுற்றை விட்டுவிட்டால் கடைசியில் அந்த 2,400-ஐ வைக்கப் பாட்டில் இடமே இருக்காது. 650 கிடக்கும் பாட்டில் 2,400 வைத்தால் எந்த ராஜாவும் ஓடிவிடும்.

அவர் கையில் என்ன இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு ராஜா தரையில் இருப்பதால் மீதி மூன்று. ராஜா–ராணி, ராஜா–ஜாக்கி, ராஜா–10 ஒவ்வொன்றும் 12 விதமாக வரலாம், மொத்தம் 36. இவர்கள் யாரும் பிளாப்பில் ஃபோல்டு செய்யமாட்டார்கள் (கையை விட்டு ஓடமாட்டார்கள்). உங்களை அடிக்கக்கூடிய கை ராஜா ஜோடி மட்டும், அது மூன்றே விதம். அதை வைத்திருந்தால் பிளாப்புக்கு முன்பே திருப்பி ரெய்ஸ் செய்திருப்பார். அப்புறம், இரண்டு ஆர்ட்டின் வைத்திருப்பவரை மறக்காதீர்கள். அடுத்த சீட்டில் அவருக்கு பிளஷ் (ஐந்தும் ஒரே ஜாதி) விழும் வாய்ப்பு சுமார் 19%. நீங்கள் 450 வைத்தால் அவர் 1,550-ல் 450 போடவேண்டும், அதாவது 29%. நஷ்டக் கணக்கு, ஆனாலும் ஆசையில் போடுவார். செக் செய்தால் அதே சீட்டை இனாமாகக் கொடுக்கிறீர்கள்.

ரிவரில் 2,400-க்கு இரண்டில் ஒரு தடவை ஓடினால்கூட சராசரி 1,200. 600 வைத்து எப்போதும் கால் வாங்கினாலும் 600-தான். காசில்லாத டேபிளில் கால் இன்னும் தாராளமாக வரும், தைரியமாகப் பெரிதாக வையுங்கள்.

கையில் ஜோடி வருவது 17 கைக்கு ஒன்று, அதற்கு பிளாப்பில் செட் விழுவது எட்டரைக்கு ஒன்று. இரண்டையும் பெருக்கினால் சுமார் 145 கைக்கு ஒரு தடவை. அதை 300-க்கு விற்க மனசு வருமா?

பதில்: மடிவாளா_கார்த்தி

அண்ணா சொல்வது இந்தக் கைக்கு ரொம்பச் சரி. எல்லா செட்டுக்கும் பொருந்தாது என்பது என் கருத்து. இதே பிளாப்பில் செந்திலிடம் ராஜா ஜோடி இருந்திருந்தால்? வெளியே ஒரே ஒரு ராஜாதான் மிச்சம். ராஜா–ஜாக்கி 12 விதத்திலிருந்து 4 ஆகிவிடும். கால் செய்யவேண்டிய கைகளை நாமே பிடித்து வைத்திருக்கிறோம். தரையில் ஆர்ட்டின் ஜோடியும் இல்லாவிட்டால் ஒரு சுற்று செக் செய்து அவர் ஏதாவது பிடிக்கட்டும் என்று விடுவேன். சும்மா சும்மா பிளஃப் செய்கிற (கை இல்லாமலே பெரிதாக வைக்கிற) ஆளிடமும் அப்படித்தான், அவரே சிப்ஸைக் கொண்டுவந்து கொட்டட்டும்.

பதில்: அல்சூர்_சீட்டுக்காரர்

கார்த்தி, ராஜா ஜோடிக்கு ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் நான் செக் செய்யமாட்டேன், பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைப்பேன். சின்ன பெட்டுக்கு 8-ஐப் பிடித்தவர்கூட கால் செய்வார், பாட்டும் நகரும்.

செந்தில், இன்னொன்று. நல்ல கைக்கு மட்டும் பெரிதாக வைத்தால் நண்பர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். பிளஷ் டிரா (பிளஷுக்கு ஒரு சீட்டு குறைவு) இருக்கும்போதும் அதே 450-ஐ அதே வேகத்தில் வையுங்கள். கடிகாரம் ஓடும்வரை யோசிப்பதுபோல் நடிப்பதும் வேண்டாம், ஆன்லைனில் எல்லோரும் முதலில் கவனிப்பது அதைத்தான்.

ஈ_சிட்டி_செந்தில்

நன்றி அண்ணா, நன்றி கார்த்தி. மூன்று சுற்றும் வைத்து, ரிவரில் என் 2,400-க்கு அவர் திருப்பி ரெய்ஸ் செய்தால் என்ன செய்வது?

பதில்: அல்சூர்_சீட்டுக்காரர்

தரையைப் பாருங்கள்: ராஜா, 8, 3, ராணி, 2. மூன்றாவது ஆர்ட்டின் வரவில்லை, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) வழியில்லை. உங்களை அடிப்பது ராஜா ஜோடியும் ராணி ஜோடியும் மட்டும், இரண்டையும் அவர் பிளாப்புக்கு முன் வெறும் கால் செய்திருப்பது அபூர்வம். உங்களிடம் தோற்பதில் ராஜா–ராணி (இப்போது ராணியும் ஒன்று தரையில் இருப்பதால்) 9 விதம், கையில் 3–3 மூன்று விதம், 2–2 மூன்று விதம். உங்களிடம் மீதியிருக்கும் 5,850-ஐயும் உள்ளே தள்ளுங்கள். ரிவரில் ஆர்ட்டின் விழுந்திருந்தால் மட்டும் கால் செய்து நிறுத்துங்கள்.