புதுப்பிப்பு: எல்எஸ்3 எஞ்சினில் வால்வ் ஸ்பிரிங்கும் புஷ்ராடும்

என் 2008 கார்வெட் காரின் 6.2 லிட்டர் எல்எஸ்3 எஞ்சினில், கூடுதல் லிஃப்ட் உள்ள (அதாவது வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும்) கேம்ஷாஃப்ட் போட்ட பிறகு 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் சக்தி சரிகிறது, வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகளான ராக்கர் ஆர்ம்களையும் மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, ராக்கரை விட்டுவிட்டு முதலில் வால்வை மூடும் ஸ்பிரிங்கைப் பாருங்கள் என்ற யோசனைதான். கேமின் லிஃப்டுக்கு ஏற்ற இரட்டை ஸ்பிரிங்குகளைப் பொருத்தியதும் வால்வுகள் மிதப்பது (அதிவேகத்தில் கேமின் அசைவைப் பின்தொடர்ந்து மூடாமல் போவது) நின்று, 6,600 வரை எஞ்சின் சீராக இழுக்கிறது. வால்வுப் பக்கம் எடை கூடினால் அதை அடக்க இன்னும் வலுவான ஸ்பிரிங் தேவைப்படும் என்பதால், இலேசான பழைய ராக்கர்களையே வைத்துக்கொண்டு, அவற்றின் ஊசி பேரிங்குகளுக்குப் பதிலாக வெண்கல புஷ்ஷிங் (உராய்வைத் தாங்கும் வளையம்) மட்டும் போட்டேன். இந்த முடிவில் எனக்கு முழு நிறைவு.

எதிர்பாராதவை இரண்டு. வால்வு வழியே எண்ணெய் கசியாமல் தடுக்கும் அசல் வால்வ் சீல், ஸ்பிரிங் உட்காரும் இருக்கையோடு ஒன்றாக இணைந்திருப்பதால் இரட்டை ஸ்பிரிங்கின் உள் ஸ்பிரிங்குக்கு இடமில்லை. தனி இருக்கையும் தனி சீலும் வாங்க வேண்டியிருந்தது. மேலும், புதிய கேமின் அடிவட்டம் (வால்வு மூடியிருக்கும்போதுள்ள வட்டப் பகுதி) சிறியதாகையால், கேமின் அசைவை ராக்கருக்குக் கடத்தும் கம்பியான 7.400 அங்குல அசல் புஷ்ராட் போதவில்லை. நீளம் மாற்றக்கூடிய அளவுப் புஷ்ராடை வைத்துப் பார்த்தபோது 7.425 பொருந்தியது. ஒவ்வொரு கேமுக்கும் இந்த நீளம் மாறும். எனவே அளந்த பிறகே புஷ்ராட் வாங்குங்கள். ஸ்பிரிங் முழு லிஃப்டில் அமுங்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் சுமார் 0.060 அங்குல இடைவெளி இருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபாருங்கள்.