அடுத்த லென்ஸ் எது: 35 மி.மீ., 50 மி.மீ., அல்லது 70-300?

சாளரம் கேட்டது:

வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி5600 கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. வி.ஆர். கிட் லென்ஸும் மட்டுமே. இன்னும் ஒரு லென்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். அதன்பின் நெடுநாளைக்கு எதுவும் வாங்க இயலாது என்பதால் யோசித்து முடிவெடுக்க விரும்புகிறேன்.

நான் எடுப்பவற்றில் பெரும்பகுதி மாலை நேரத்தில் வீட்டு விளக்கொளியில் ஓடியாடும் பிள்ளைகளின் படங்கள். அவ்வப்போது பள்ளி மேடையில் அவர்கள் ஆடும் நடனத்தையும் எடுக்கிறேன். இரண்டிலுமே பாதிக்கு மேற்பட்ட படங்கள் கலங்கலாக வருகின்றன. மங்கிய ஒளிக்கு அகலமாகத் திறக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைத்தான் எல்லோரும் முதலில் வாங்க வேண்டும் என்கிறார்கள் சிலர், 35 மி.மீ. எஃப் 1.8 போதும் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கோ மேடையை நினைத்தால், தொலைவிலிருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-300 மி.மீ. லென்ஸ் மீது கண் போகிறது. உங்கள் கருத்து என்ன?

ஒளிநாடி எழுதியது:

லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தக் கலங்கல் எதனால் வருகிறது என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். கெட்டுப்போன படம் ஒன்றை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரும் அலமாரியும் தெளிவாக இருந்து, பிள்ளையின் கையும் முகமும் மட்டும் இழுபட்டிருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை என்று பொருள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பிள்ளை கலங்கி, அவளுக்குப் பின்னாலிருக்கும் நாற்காலி துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. அந்தக் குறைக்கு எஃப் 1.8 லென்ஸ் மருந்தாகாது, சொல்லப்போனால் அதைக் கூட்டவே செய்யும். உங்கள் லென்ஸிலுள்ள வி.ஆர். வசதி கை நடுக்கத்தைத்தான் தாங்கிக்கொள்ளும். ஓடும் பிள்ளையை நிறுத்தி வைக்காது.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் முதல் காரணமாகத்தான் இருக்க வேண்டும். கிட் லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு அகலமான திறப்பு). எஃப் 1.8 அதைவிட ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது, இப்போது 1/60 நொடியில் எடுக்கும் அதே படத்தை, அதே ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) அளவில், 1/500 நொடியில் எடுக்கலாம். வீட்டுக்குள் ஓடியாடும் பிள்ளையை உறையவைக்க அது தாராளம்.

இனி 35-ஆ 50-ஆ என்பது. உங்கள் கேமராவின் சென்சார் 23.5 மி.மீ. அகலம் கொண்டது. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 35 மி.மீ. லென்ஸில் சுமார் 2 மீட்டர் அகலமான காட்சி அடங்கும், 50 மி.மீ. லென்ஸில் 1.4 மீட்டர்தான் அடங்கும். விளையாடும் இரண்டு பிள்ளைகளை ஒரே சட்டத்துக்குள் வைக்க 50-உடன் நீங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். 50-க்குக் கிடைத்த புகழ் ஃபிலிம் காலத்தது. அன்றைய முழுச்சட்டத்தில் (உங்கள் சென்சாரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமான ஃபிலிம் அளவு) அது இயல்பான பார்வைக்கோணம் தந்தது. உங்கள் கேமராவிலோ 75 மி.மீ. போல நெருக்கிக் காட்டும், அந்தப் பழைய கோணத்தைத் தருவது 35-தான்.

ஃபோகஸ் ஆழத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் 50 மி.மீ. லென்ஸில் தெளிவாக வரும் ஆழம் ஆறரை சென்டிமீட்டர் அளவே. 35-இல் அது ஏறத்தாழ இரு மடங்கு. ஓயாமல் அசையும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் பழைய படங்கள் சொல்வதே சரியான சாட்சி. அவற்றின் எக்ஸிஃப் தரவில் (படத்துடன் கேமரா பதிந்து வைக்கும் விவரங்கள்) எந்தக் குவியத்தூரம், அதாவது எந்த மி.மீ. எண், அதிகமாக வருகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு வாரம் கிட் லென்ஸை 35-இல் வைத்து, ஜூம் வளையம் நகராமல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு எடுங்கள். அடுத்த வாரம் 50-க்கு அருகில்.

மேடையோரம் எழுதியது:

வீட்டைப் பொறுத்தவரை மேலே உள்ளவருடன் உடன்படுகிறேன். ஆனால் மேடையை அவர் தொடவே இல்லை. நீங்கள் சொல்லும் 70-300 டி.எக்ஸ். (உங்களுடையது போன்ற சிறிய சென்சாருக்கான) லென்ஸ் எஃப் 4.5-இல் தொடங்கி நீண்ட முனையில் 6.3-க்குப் போய்விடும். வெயிலில் விளையாட்டுப் போட்டி எடுக்க அது அருமையான கருவி; மங்கலான மேடையிலோ இப்போதிருக்கும் கலங்கலை இன்னும் பெரிதாக, இன்னும் கிட்டத்தில் காட்டும், அவ்வளவே.

மேடைக்கு நான் சொல்வது 85 மி.மீ. எஃப் 1.8. பத்து மீட்டர் தள்ளி அமர்ந்து கேமராவை நெடுக்காகப் பிடித்தால் சுமார் 2.75 மீட்டர் உயரம் சட்டத்தில் அடங்கும்; கையை உயர்த்தி ஆடுபவர் தலை முதல் கால் வரை வசதியாக வருவார். எஃப் 4.5-உடன் ஒப்பிட்டால் ஆறு மடங்கு ஒளி வேறு. ஆனால் இருபது மீட்டர் பின்னால்தான் இடம் கிடைக்கும் என்றால் 85 எட்டாது. அப்போது முன்வரிசைக்கு அனுமதி கேட்பதே எந்த லென்ஸையும்விட மேல்.

சாளரம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பழைய படங்களைப் பார்த்துவிட்டேன். வீட்டுப் படங்களில் பெரும்பாலானவை 24-க்கும் 40-க்கும் இடையில், 1/30 அல்லது 1/40 நொடியில் எடுத்தவை. சுவர் தெளிவு, பிள்ளைகள் கலங்கல். மேடைப் படங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, எல்லாமே 55-இல். எனவே மனம் 35 பக்கம் சாய்கிறது. 35 மி.மீ. எஃப் 2 டி என்ற பழைய லென்ஸ் ஒன்று செகண்ட்ஹேண்டில் விலைக்குக் கிடைக்கிறது. அது முழுச்சட்டத்துக்கும் பொருந்தும் என்பதால், பின்னாளில் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை) கேமராவுக்கு மாறினாலும் உதவும் அல்லவா?

ஒளிநாடி எழுதியது:

அதை வாங்காதீர்கள். ஏ.எஃப்.-எஸ். என்ற பெயர் இல்லாத இத்தகைய பழைய டி வகை லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அவற்றைத் திருக வேண்டும், டி5600-இல் அந்த மோட்டார் இல்லை. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். இத்தகைய லென்ஸ்களை மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டரிலும் மோட்டார் இல்லாததால் நிக்கான் மிரர்லெஸ் கேமராக்களிலும் அதே கதைதான். ஏ.எஃப்.-எஸ். டி.எக்ஸ். 35 மி.மீ. எஃப் 1.8 ஜி என்று முழுப்பெயரையும் பார்த்து வாங்குங்கள். அடாப்டர் வழியாக அதற்கு ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். முழுச்சட்ட மிரர்லெஸ்ஸில் மாட்டினால் கேமரா படத்தைத் தானே டி.எக்ஸ். அளவுக்கு வெட்டிக்கொள்ளும், 24 மெகாபிக்சல் பத்தாகச் சுருங்கும்.

கையில் வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்துகள் நிறைந்த அட்டை ஒன்றைச் சற்றுச் சாய்த்து வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, எஃப் 1.8-இல் வியூஃபைண்டர் வழியாகச் சில படங்களும் லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) சில படங்களும் எடுத்து ஒப்பிடுங்கள். வியூஃபைண்டர் படங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் தவறினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோகஸைத் திருத்தி அமைக்கும் நுண்சரிசெய்தல் வசதி டி5600-இல் கிடையாது.