பெரியப்பாவுக்கு 158/96: எங்கள் குடும்பக் குழுவில் பேசிக்கொண்டது

என் கைபேசியில் உறவுமுறைப்படி சேமித்திருக்கும் பெயர்களே இங்கே இருக்கின்றன. பெரியப்பாவின் தங்கையான அத்தை பல வருடம் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தவர். அண்ணன், பெரியப்பாவின் மகன். தங்கை, என் உடன்பிறந்தவள்.

சனிக்கிழமை இரவு

பெரியம்மா: [படம்: பிரஷர் கருவியின் திரை, 158/96]

பெரியம்மா: இப்போதுதான் இவருக்குப் பார்த்தேன். இது அதிகம்தானே? யாராவது சொல்லுங்கள்.

அண்ணன்: அப்பாவுக்கா? தலைவலி, மயக்கம் ஏதாவது இருக்கிறதா அம்மா?

பெரியப்பா: ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். மாடி ஏறி வந்த கையோடு உன் அம்மா பட்டையைக் கட்டிவிட்டாள்.

பெரியப்பா: [பலமுறை பகிரப்பட்டது] உங்கள் வயதோடு 100-ஐக் கூட்டுங்கள். அதுதான் உங்களுக்கு இயல்பான ரத்த அழுத்தம்! மாத்திரை கம்பெனிகள் மறைக்கும் உண்மை!! அனைவருக்கும் பகிரவும்

பெரியப்பா: எனக்கு 64. கூட்டினால் 164. அதற்குக் கீழேதானே இருக்கிறது?

அத்தை: அண்ணா, அந்தக் கணக்கை தயவுசெய்து நம்பாதீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களிலேயே பலர் அப்படி நினைத்ததுண்டு. வயதானால் ரத்தக் குழாய் விறைத்துவிடும், அதற்குள் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடித்தான் ஆகவேண்டும் என்று விட்டுவிடுவார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. அன்றைக்கு நல்ல மருந்தும் கிடையாது. அடுத்த வருடம் ஏப்ரல் 12-ஆம் தேதி தலை பயங்கரமாக வலிக்கிறது என்றார். மூளையில் ரத்தக்கசிவு. அன்றே போய்விட்டார். வயது 63.

தங்கை: ஐயோ அத்தை, பெரியப்பாவைப் பயமுறுத்தாதீர்கள்.

அத்தை: பயமுறுத்தவில்லை கண்ணு. அவர் காலத்தில் இல்லாத மருந்து நமக்கு இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். வயது கூடக்கூட அழுத்தம் ஏறுவது சகஜம் என்பது உண்மை. ஆனால் சகஜமாக நடப்பதெல்லாம் கெடுதல் செய்யாது என்று ஆகிவிடாது.

அத்தை: இன்னொன்றும் சொல்கிறேன். மாடி ஏறி வந்த உடனே எடுத்த 158-ஐ வைத்து அண்ணாவுக்கு பிரஷர் நோய் என்றும் நான் சொல்லமாட்டேன். 'எனக்கு ஒன்றும் இல்லை' என்பதையும் ஏற்கமாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு இது எந்த அறிகுறியும் காட்டாது. அளந்தால்தான் தெரியும், அதுவும் ஒழுங்காக அளந்தால்.

நான்: மேலே ஓர் எண், கீழே ஓர் எண். எது முக்கியம் அத்தை?

அத்தை: இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும்போது குழாய்ச் சுவரில் இருக்கும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் அது தளர்ந்து நிரம்பும்போது இருப்பது கீழ் எண். இரண்டும் முக்கியம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மேல் எண்ணைத்தான் கூடுதலாகக் கவனிப்பார்கள். பலருக்கு மேல் எண் மட்டும் ஏறி, கீழ் எண் சரியாகவே இருக்கும். கீழே நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை விட்டுவிடக் கூடாது.

அண்ணன்: ஓர் இடத்தில் 130/80 தாண்டினால் நோய் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 140/90 என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

அத்தை: அமெரிக்க இதய மருத்துவர்கள் 2017-இல் கோட்டை 130/80-க்கு இறக்கினார்கள். உலக சுகாதார நிறுவனமும் பல நாடுகளும் 140/90 என்றே வைத்திருக்கின்றன. கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆபத்து அந்தக் கோட்டில் திடீரென்று தொடங்குவதில்லை. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 115/75-க்கு மேல் ஒவ்வொரு 20/10 ஏறும்போதும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று 2002-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஆகவே 139 என்றால் நிம்மதி, 141 என்றால் பதற்றம் என்று இருக்காதே தம்பி.

பெரியப்பா: சரி மா. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

அத்தை: இன்றைக்கு இதற்கு மேல் கருவியைத் தொடாதீர்கள். பதற்றத்தில் பார்க்கப் பார்க்க ஏறும். நாளைக் காலை எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி, தேநீர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசை மேல் இருக்கட்டும், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கை தொங்கினால் எண் ஏறும். சட்டைக்கு மேல் கட்டக் கூடாது.

அத்தை: அளக்கும்போது பேச்சே கூடாது. அண்ணி, உங்களுக்கும்தான் சொல்கிறேன், அவரிடம் எதுவும் கேட்காதீர்கள் 😊 பேசினாலே பத்து வரை கூடிவிடும்.

பெரியம்மா: சரி, வாயே திறக்கமாட்டேன்.

அத்தை: ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். இரவு படுக்கும் முன் அதே மாதிரி. ஒரு வாரம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பார்ப்போம். முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள், எதில் அதிகமோ அதிலேயே தொடருங்கள்.

நான்: பட்டை எல்லோருக்கும் ஒரே அளவுதானா?

அத்தை: நல்ல கேள்வி. இல்லை. அண்ணாவுக்குப் புஜம் பெரிது. சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பட்டையில் அச்சிட்டிருக்கும் கோட்டுக்குள் முனை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், கையின் நிலை கொஞ்சம் மாறினாலும் எண் தப்பாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை

பெரியம்மா: நீ சொன்னபடியே பார்த்தோம். 147/90, பிறகு 143/88. வலது கையில்.

அண்ணன்: குறைந்துவிட்டதே!

அத்தை: நேற்றைவிடக் குறைவு, ஆனால் சரியில்லை. வீட்டில் அளக்கும்போது வரம்பு 135/85. ஆஸ்பத்திரியில் 140/90 என்பதற்கு வீட்டில் அதுதான் சமம். சிலருக்கு டாக்டரைப் பார்த்தாலே ஏறும், வீட்டில் இறங்கிவிடும். சிலருக்கு நேர்மாறு, அங்கே நன்றாக இருந்துவிட்டு வீட்டிலும் வேலையிலும் ஏறி நிற்கும். இந்த இரண்டாவது ரகம்தான் எனக்குக் கவலை, யார் கண்ணிலும் படாது. வாரம் முடியட்டும்.

பெரியப்பா: நான் புகை பிடிப்பதில்லை, குடிப்பதில்லை. எனக்கு எதனால் வரும்?

அத்தை: வயது, அப்பா வழி, உப்பு, எடை. நம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டுதான் அண்ணா. நமக்கெல்லாம் அந்த வழி இருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது, இப்படிப் பலது சேர்ந்துதான் ஏற்றும். மீதிப் பேருக்குச் சிறுநீரகம், அட்ரீனல் சுரப்பி, தைராய்டு என்று ஏதாவது பின்னால் இருக்கும்.

தங்கை: நான் சாதாரண உப்பை விட்டு இந்துப்புக்கு மாறிவிட்டேன் அத்தை. அது பிரஷருக்கு நல்லதாமே?

அத்தை: அதுவும் சோடியம் குளோரைடுதான் கண்ணு. பெரும் பகுதி அதே சோடியம். சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ரத்தத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. கண்ணில் படும் உப்பை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. பாக்கெட் தின்பண்டம், சாஸ், உடனடி நூடுல்ஸ், ரொட்டி எல்லாவற்றிலும் இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள்.

நான்: சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே?

அத்தை: அதில் ஒரு பங்கு பொட்டாசியம். பலருக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டாக்டரைக் கேட்காமல் மாற்றவேண்டாம்.

அத்தை: அண்ணா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

பெரியப்பா: இல்லையே.

பெரியம்மா: முழங்கால் வலிக்கு என் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறாரே, அது கணக்கில்லையா? இரண்டு மாதமாக அநேகமாக தினமும்.

அத்தை: எந்த மாத்திரை அண்ணி?

பெரியம்மா: டைக்ளோஃபெனாக் என்று போட்டிருக்கிறது.

அத்தை: கணக்கு மட்டுமா! டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். சிறுநீரகத்துக்கும் கெடுதல். இனி அதைத் தொடாதீர்கள் அண்ணா, முழங்காலுக்கு வேறு என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்போம். மூக்கடைப்புக்கு வாங்குகிற சில ஜலதோஷ மாத்திரைகளும் ஏற்றும். கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு, அதிகமாகச் சாப்பிட்டால் அதிமதுரம்கூட. இதையெல்லாம் யாரும் மருந்துக் கணக்கில் சொல்வதே இல்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

பெரியப்பா: சரி மா. நிறுத்திவிட்டேன்.

அண்ணன்: எனக்கு 38. நான் பிரஷர் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டுமா?

அத்தை: கட்டாயம். உலகத்தில் 30 முதல் 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீ நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், எடையும் ஏறியிருக்கிறது. குறட்டை எப்படி?

அண்ணன்: பலமாகத்தான். நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அத்தை: அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. தூக்கத்தில் மூச்சு நிற்கும்போதெல்லாம் உடம்பு அபாய மணி அடித்த மாதிரி முழித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். இயல்பாகத் தூக்கத்தில் பத்து இருபது சதவீதம் இறங்க வேண்டியது இறங்காமல் போகும். மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்குப் பின்னால் பலமுறை இந்தக் குறட்டைதான் இருக்கும். டாக்டரிடம் சொல், தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்வார். எடையைக் குறைத்தால் இரண்டுக்கும் நல்லது. ஒரு கிலோவுக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்.

தங்கை: அத்தை, எனக்கு இப்போது 22 வாரக் கர்ப்பம். போன தடவை 118/74. நானும் கவலைப்பட வேண்டுமா?

அத்தை: நல்ல எண் கண்ணு. ஆனால் உன் அம்மாவுக்கு முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி சிறுநீரில் புரதம் போனது. அதை உன் டாக்டரிடம் சொன்னாயா?

தங்கை: இல்லையே, எனக்கே இப்போதுதான் தெரியும்!

அத்தை: நாளைக்கே சொல்லிவிடு. 20 வாரத்துக்குப் பிறகுதான் அது வரும். தாய்க்கு இருந்திருந்தால் மகளுக்கு வாய்ப்பு கூடுதல். 140/90 வந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. பிரசவத்துக்குப் பிறகு சில வாரம் வரைக்கும் இதே கவனம் வேண்டும்.

நான்: மற்றவர்களுக்கு எந்த எண் வந்தால் உடனே ஓட வேண்டும்?

அத்தை: 180/120 வந்தால் சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் ஆம்புலன்ஸ்தான். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்கப் பார்க்காதீர்கள். வேகமாக இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போய்விடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா: [படம்: நோட்டுப் புத்தகத்தில் எழுதிய அளவுகள்]

அண்ணன்: முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போட்டேன். 141/87.

அத்தை: அப்படியானால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டியதுதான் அண்ணா. வலி மாத்திரையை விட்டும் 135-க்கு மேலே நிற்கிறது.

பெரியப்பா: மாத்திரை ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விடமுடியாது என்கிறார்களே. அதுதான் தயக்கம்.

அத்தை: மாத்திரைக்கு உடம்பு அடிமையாகிவிடுவதில்லை. பிரஷர் உள்ளேயே இருப்பதால்தான் தொடரச் சொல்கிறார்கள். எடை குறைந்து, உப்பு குறைந்து, தினமும் நடந்து, அதனால் மாத்திரையின் அளவைக் குறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண் சரியாகிவிட்டதே என்று தாங்களாகவே நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு ஸ்டிரெச்சரில் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது கூட்டத்தில் என் அண்ணன் இருக்கக் கூடாது.

அத்தை: ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று கணுக்காலை வீங்க வைக்கும், இன்னொன்று வறட்டு இருமல் தரும். வேறு ரகங்கள் இருக்கின்றன. சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு.

பெரியப்பா: சரி மா, நீ சொன்னால் சரி. செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறான் பையன்.

அத்தை: ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி, இவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். கருவியையும் கையோடு கொண்டுபோய் அவர்களுடையதோடு ஒத்துப் பாருங்கள். நோட்டைக் காட்டுங்கள். அந்த டைக்ளோஃபெனாக் அட்டையையும் எடுத்துப்போங்கள், 'மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை' என்று அங்கேயும் சொல்லிவிடாதீர்கள்.

பெரியம்மா: அட்டையை நான் என் பையிலேயே வைத்துவிட்டேன்.